‘எறங்கு’ மாமாவின் இதயம்

என் மாமனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடப் பணியில் அவர் அதிகம் பேசிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: "எறங்கு." கடைசியில் ஊரில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ‘எறங்கு வர்றாரு’ என்று யாராவது கிசுகிசுத்தால் போதும், பஸ்ஸே கப்சிப்.

நானும் அவரிடம் மாட்டியவன்தான். பெண் கேட்டு அவர் வீட்டுக்குப் போன நாளில், ஒழுங்காக வாங்கிய டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைந்துவிட்டு எங்கேயோ போட்டுத் தொலைத்தேன். நாலு பாக்கெட்டையும் உதறிக் காட்டியும் மனிதர் மசியவில்லை. இறக்கிவிட்டார். மிச்ச தூரத்தை நடந்து, வழி கேட்டு, வேர்த்து விறுவிறுத்துக் கதவைத் தட்டினால், வேலை முடிந்து வந்த அதே மனிதர் பனியனோடு திறக்கிறார்! "டிக்கெட் கெடைச்சுதா?" என்பதுதான் மாப்பிள்ளைக்குக் கிடைத்த வரவேற்பு. பன்னிரண்டு வருடமாக அந்தக் கடுப்பு எனக்குத் தீரவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போனது. ஒரு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். சேமிப்பு, நகை, நான் வாங்கிய கடன் எல்லாம் சேர்த்தும் பாதிக்கு மேல் தேறவில்லை. சரி, இணையத்தில் ஊராரிடம் கேட்போம் என்று என் மனைவி உருக்கமாக ஒரு வேண்டுகோள் எழுதினாள். நான் போட்டோ எடுத்தேன். "கொஞ்சம் சோகமா இருங்க மாமா" என்றதற்கு, படம் பார்ப்பவரிடமே டிக்கெட் கேட்பதுபோல முறைத்தார்.

எழுதியதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பரிசோதித்தார்.

"‘அனைவரின் அன்புக்கும் பாத்திரமானவர்’னு போட்டிருக்கியே, யாரு அந்த அனைவர்? ஒரு பேர் சொல்லு."

"அப்பா, இதெல்லாம் அப்படித்தாம்பா எழுதணும்."

"பொய் சொல்லிக் காசு வாங்குறதும் டிக்கெட் இல்லாம போறதும் ஒண்ணுதான். அழி."

பிறகு அவரே சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்: ‘நான் டிக்கெட் பரிசோதகர். உங்களில் பலரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறேன். அது என் வேலை, அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இப்போது என் இதயத்தில் வால்வு பழுது. முடிந்தவர்கள் உதவுங்கள்.’

"உங்கப்பா உதவி கேக்குறாரா, அபராதம் போடுறாரா?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் மூன்று தடவை சுவரைப் பிடித்து நின்றார். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம். மனைவி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கடுப்பு வேறு, ஆள் இல்லாமல் போவது வேறு.

மூன்றாம் நாள் ஆரம்பித்தது. பணத்தோடு ஆளாளுக்கு ஒரு குறிப்பு.

‘ரெண்டு தடவை மாட்டினேன். ரெண்டு தடவையும் தப்பு என்மேலதான்.’

‘நீங்க எறக்கிவிட்ட இடத்துல ஒரு கடையில ஆள் தேவைன்னு போர்டு இருந்துச்சு. இன்னிக்கும் அங்கதான் வேலை பாக்குறேன்.’

‘சார், எங்களை நீங்க எறக்கிவிட்டீங்க. உங்களை நாங்க எறங்க விடமாட்டோம்.’

நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். பேர் போடாத ஒருவரின் குறிப்பு வந்ததும் மனிதர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது யாரு?"

"பேர் சொல்லாமலும் குடுக்கலாம் மாமா."

"அப்ப நன்றி யாருக்குச் சொல்றது?" சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சை ஆறு மணி நேரம் நடந்தது. மறுநாளும் அவர் கண் திறக்கவில்லை. "மெதுவாத்தான் முழிப்பார்" என்றாள் நர்ஸ். ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். என் முறை வந்தபோது நின்று நின்று கால் கடுத்துப்போய், உட்காரக் கூடாத கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எந்திரிங்க மாமா, போதும்" என்றேன்.

ஒரு கண் திறந்தது. என் முகத்தைப் பார்த்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தது. உதடு அசைந்தது.

"எறங்கு."

அழுதுகொண்டே இறங்கினேன்.