மாரியம்மாள் என் மகனை ஏசின நாள்

முருகனை நம்பி இங்கன வந்து உக்காந்திருக்க உங்க எல்லாருக்கும் வணக்கம். நான் இலஞ்சி பார்வதி. இந்த ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் பதினாறு வயசு மகன் குமார் ஸ்கூட்டர்ல போய் ஒரு பொம்பளையை இடிச்சுட்டான். சாவியைக் குடுத்து அனுப்புனது நான்தான். அதை மறைச்சுட்டு வேற எதைச் சொன்னாலும் பொய்.

சாரல் நல்லா விழுந்த நேரம். வாசுதேவநல்லூர்ல இருந்து என் கொழுந்தன் குடும்பத்தோட குளிக்க வந்திருந்தாரு. எல்லாரும் ஐந்தருவியில நிக்காங்க. அவங்களுக்குப் புளியோதரை கொண்டு போகணும். தூக்குச்சட்டியை ஸ்கூட்டர்ல மாட்டி, "மெதுவா போலே"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவனுக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். குளத்தங்கரையில ரெண்டு சாயங்காலம். அவ்வளவுதான் படிப்பு! அவுக அப்பா ஆர்மியில, வடக்க இருக்காக. போலீஸ் மறிச்சா "எங்க அப்பா ஆர்மி"ன்னு சொல்லுலேன்னு வேற சொல்லி வச்சிருந்தேன். வண்டி வாங்குன அன்னைக்குக் கோயில் முன்னால சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டோம்லா, இனி முருகன் பாத்துக்கிடுவான்னு ஒரு தெம்பு. என்ன திமிரு பாருங்க.

ஐந்தருவிக்குப் போற வளைவுல ரோடெல்லாம் ஈரம். அங்கன பழக்கடை போட்டிருக்க மாரியம்மாள், என் வயசுக்காரி, கூடையோட ரோட்டைக் கடந்திருக்கா. இவன் பதட்டத்துல முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிச்சிருக்கான். வண்டி சறுக்கிட்டு. அவனுக்கு முழங்கையில சிராய்ப்பு. அவளுக்குத் தலையில அடி, கால் முறிவு. நினைவே இல்ல.

தென்காசிக்கு, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வராந்தாவுல நின்னு நான் முதல்ல வேண்டுனது என்ன தெரியுமா? "முருகா, என் பிள்ளை மேல கேஸ் வரக்கூடாது." கூசாம கேட்டேன். உள்ள ஒருத்தி உசிருக்குப் போராடுதா, நான் கேஸைப் பத்தி வேண்டிக்கிட்டு நிக்கேன்.

கொழுந்தன் பக்கத்துல வந்து மெல்லச் சொன்னாரு. "மதினி, நான் ஓட்டுனேன்னு சொல்லிருதேன். எனக்கு லைசென்ஸ் இருக்குல்லா. இல்லன்னா பையன் படிப்பு கெட்டுப் போயிரும்." அவரு நல்ல மனசுலதான் சொன்னாரு. எங்க சொந்தத்துல இது புதுசும் இல்ல. எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு.

அந்த நேரம் பாத்து மாரியம்மாள் புருஷன் பக்கத்துல வந்து உக்காந்தாரு. நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. "நீங்களும் யாரையாவது சேத்திருக்கியளா தாயி?"ன்னு கேட்டாரு. "என் வீட்டுக்காரிக்கு நினைவு திரும்பணும்னு நீங்களும் ஒரு வார்த்தை வேண்டிக்கோங்க"ன்னு சொல்லி, கையில இருந்த பொட்டலத்தைப் பிரிச்சு எனக்கும் திருநீறு குடுத்தாரு.

அதுவரைக்கும் அவளுக்காக நான் ஒரு வார்த்தை கேக்கலியே! கண்ணை மூடினேன். "முருகா, அவ கண்ணு முழிக்கணும். கேஸ் வரட்டும், என்னமும் வரட்டும்." வேண்டி முடிக்கும்போதே தெரிஞ்சு போச்சு, வாயில பொய்யை வச்சுக்கிட்டு அவன்கிட்ட ஒரு உசிரைக் கேக்க முடியாது. "அண்ணாச்சி, வண்டி ஓட்டுனது என் மகன். சாவி குடுத்தது நான்"னு சொல்லிட்டேன். அவரு எந்திரிச்சு அங்கிட்டுப் போயிட்டாரு. போலீஸ்கிட்டயும் அதையே சொன்னேன். கொழுந்தன், "என்ன காரியம் பண்ணிட்டிய மதினி!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு.

ரெண்டு நாள் பச்சத்தண்ணி இறங்கல. "அம்மா, நான் நிறுத்தத்தான் பாத்தேன், எப்படி நிறுத்தன்னு தெரியல." குமார் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்தான். ஓட்டச் சொல்லிக் குடுத்த நான் நிறுத்தச் சொல்லிக் குடுக்கலியே. அவன் முகத்தை என்னால பாக்க முடியல.

வியாழக்கிழமை காலையில அவ புருஷனே வந்து எங்களைக் கூப்பிட்டாரு. உள்ள போனா, மாரியம்மாள் முழிச்சிருக்கா! இவன்தான்னு குமாரைக் காட்டினதும் ஆரம்பிச்சா பாருங்க. "ஏலே கரிமுடிவான்! மீசை முளைக்கல, ஒனக்கு என்னலே வண்டி? ஒன்னைச் சொல்லிக் குத்தமில்ல. சாவியைத் தூக்கிக் குடுத்தாளே ஒருத்தி, அவளைச் சொல்லணும்!" நர்ஸ் வந்து அடக்குத வரைக்கும் ஏசினா. ஐயா முருகா! அந்த ஏச்சைக் கேட்டு நான் அழுத அழுகை இருக்கே! நான் கேட்ட வரம் அவ வாய் வழியாத்தான் எனக்கு வந்துச்சு.

இப்ப நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போறேன். சிரிக்காதீங்க. எட்டு போட மட்டும் பழகிட்டு லைசென்ஸ் வாங்குனவதான் நானும். ஈர ரோட்டுல ரெண்டு பிரேக்கையும் எப்படிப் பிடிக்கணும், வளைவு வாரதுக்கு முன்னாலயே எப்படி வேகத்தைக் குறைக்கணும்னு நாப்பத்திரண்டு வயசுல படிக்கேன். குமாரும் வந்து நின்னு கேட்டுக்கிடுதான். பள்ளிக்கூடத்துக்கு பஸ்லதான் போறான். இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடைக்காதுன்னு சொல்லுதாக. இருக்கட்டும். மாரியம்மாள் கம்பு ஊனி நடக்கா, கடைக்கு இன்னும் வரல.

நம்பிக் கேளுங்க, கண்டிப்பா குடுப்பான். எனக்குக் குடுத்தான். ஆனா நாம பாக்க வேண்டியதை அவன் தலையில கட்டிராதீங்க. பதினெட்டு ஆகாத பிள்ளை கையில சாவியைக் குடுக்காதீங்க. ஆன பிறகும் முறையாப் படிக்க வச்சுட்டுக் குடுங்க. கேஸ் என் பேர்லயும் இருக்கு. அடுத்த மாசம் கோர்ட்ல போய் நிக்கணும். அதுல இருந்து தப்பிக்க, அன்னைக்கு அப்புறம் முருகன்கிட்ட நான் ஒரு வார்த்தை கேக்கல.