சீட்டு இல்லாத குருந்தக்கல்

பேய், ஆவி, காத்துக் கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். ராசிபுரத்தில் எங்களுடையது தறிக் குடும்பம், இப்போது சேலைக் கடை. முந்தியை விரித்து, தடவி, ஒரு நூலை உருவித் திரித்துப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் எதையும் பட்டு என்று ஒத்துக்கொள்வார்கள். அப்படி வளர்ந்தவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் மண்டையில் வெயில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்றைக்கு வெயில் எனக்கு மட்டும் ஏறவில்லை, என் மனைவி கவிதாவுக்கும் மகள் யாழினிக்கும் சேர்த்தே ஏறியிருக்க வேண்டும்.

எங்களுக்குக் கல் பைத்தியம். நகைக் கல் இல்லை, காட்டில் கிடக்கிற கல். யாழினி ஆறாம் வகுப்பில் அறிவியல் பாடத்துக்காக ஒரு படிகக் கல்லை எடுத்து வந்தாள், அதை ஜன்னலில் வைத்து நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், அவ்வளவுதான், அதற்கப்புறம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை எதுவும் எங்களுடையதாக இல்லை. காரில் சின்னச் சுத்தியல், தண்ணீர் கேன், பழைய செய்தித்தாள், கட்டுச்சோறு. யாராவது புதிதாகக் கிணறு வெட்டினால் வெட்டிக் கொட்டிய மேட்டில் நாங்கள் நிற்போம், காட்டுக்காரரிடம், அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரரிடம், கேட்டுவிட்டுத்தான். எங்கள் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் கூட எங்களைக் கிண்டல் செய்வார்கள், "தலையைத் தூக்கி நடங்கப்பா, மண்டபத்துல டைல்ஸ்தான் போட்டிருக்குது" என்று. கல்லை நக்கிப் பார்க்கிற பழக்கமும் உண்டு. ஈரம் பட்டால்தான் உள்நிறம் தெரியும், நாக்கை விடச் சுலபமான ஈரம் ஏது? முதலில் வாந்தி வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்ட கவிதாதான் இப்போது எல்லோருக்கும் முன்னால் நக்குகிறாள்.

மல்லசமுத்திரம் பக்கம் அப்படி ஒரு கிணற்று மேட்டில்தான் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தோம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக, தலையில் துண்டு, கையில் சுத்தியல். சேலத்தில் மாதா கோவிலைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தின் ஆபீஸில் வேலை, மாணவர்களுக்குச் சான்றிதழ் எழுதுவது அவர்தான். எங்களைப் பார்த்ததும் பெயரைக் கேட்கவில்லை, "பையில என்ன கல்லுங்க?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எங்களுக்குப் பிடித்துப்போனது.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனோம். சொன்னால் மிகையாகத் தோன்றும், அந்த மாதிரி ஒரு சேகரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்க்கவில்லை. லேத் பட்டறை வைத்திருந்த அவருடைய கணவர் சேவியர் இருபது வருடமாகச் சேர்த்தது. ஸ்வீட் பெட்டிகளில் பஞ்சு விரித்து, ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு சீட்டு. என்ன கல், எந்த இடம், எடுத்தவர், உடன் வந்தவர். ஒரு கல் கீழே விழுந்து உடைந்து ஒட்டியிருந்தால் சீட்டில் 'ஒட்டியது' என்று இருந்தது. இன்னொருவர் கொடுத்த கல்லில் அவர் பெயர் இருந்தது. தான் நேரில் பார்க்காத இடத்தைப் பார்த்ததாக ஒரு சீட்டில் கூட இல்லை. இடம் தெரியாத கல்லை வைத்துக்கொண்டு பெரிய பேச்சுப் பேசுகிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். முகம் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. யாழினி ஒவ்வொரு சீட்டாகப் படித்துவிட்டு, "அப்பா, நம்ம கல்லையெல்லாம் மறுபடி மொதல்ல இருந்து எழுதணும்" என்றாள்.

எல்லாச் சீட்டும் ஸ்டெல்லா அக்காவின் கையெழுத்து. சேவியரின் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்குமாம். அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதுவார், உருண்டையாக, அச்சடித்த மாதிரி.

ஒரே ஒரு கல்லுக்கு மட்டும் சீட்டு இல்லை. வெள்ளைப் பாறைக்குள் மாதுளை முத்து மாதிரி சிவந்த குருந்தக்கல், உள்ளங்கை அகலம். குருந்தம் என்கிற நம் சொல்லைத்தான் உலகம் முழுக்க 'கொரண்டம்' என்று இந்தக் கல்லுக்கு வைத்திருக்கிறார்கள், அது எங்கள் பக்கத்து மண்ணில் கிடைக்கிறது என்பதில் எங்களுக்குத் தனிக் கர்வம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா சொன்னார்:

"ரெண்டு வருசம் முன்னாடிங்க தம்பி. ஞாயித்துக்கெழம நல்ல எடம் ஒண்ணு இருக்கு, வா போலாம்னு கூப்புட்டாரு. எதுக்கோ சண்ட, எதுக்குன்னு கூட இப்ப ஞாபகமில்ல, நான் போகல. சாயங்காலம் இத எடுத்துட்டு வந்து, சீட்டு எழுதலாம் வான்னாரு. உங்க கல்லுக்கு நீங்களே எழுதிக்குங்கன்னு மூஞ்சியத் திருப்பிட்டுப் படுத்துட்டேன். காலைல எழுப்பினேன். எந்திரிக்கல."

ஒரு கல்லூரியில் இந்தச் சேகரிப்பை வாங்கி வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள், ஆனால் இடம் எழுதாத கல்லை எடுக்க மாட்டார்கள். கடைசியாக எடுத்த கல் மட்டும் அவருடைய மற்றக் கற்களோடு சேராமல் நிற்கும். "எந்த எடம்னு தெரிஞ்சாப் போதும். நானே எழுதி ஒட்டிடுவேன். அன்னிக்கு எழுதாதத எழுதிடுவேன்" என்றார். அதற்காகத்தான் இரண்டு வருடமாக ஞாயிறு ஞாயிறு தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அந்தக் கல்லை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எங்களிடம் கொடுத்தார், ஒத்துப் பார்க்க. கவிதா அதைக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டாள்.

குருந்தக்கல் என்றால் பரமத்திக்கு மேற்கே, சித்தம்பூண்டி வட்டாரம். நான்கு ஞாயிறு அலைந்தோம். சிவப்பு கிடைத்தது, இந்தச் சிவப்பு இல்லை. ஐந்தாவது ஞாயிறு, ஜேடர்பாளையம் போகிற பாதையிலிருந்து உள்ளே பிரிந்த மண் தடம். சரியான உச்சி வெயில், காக்கை கூடப் பறக்கவில்லை. உழுது போட்ட காட்டின் ஓரத்தில் ஒரு வேலமரம், அதன் கீழே பாறை, அதில் ஒருவர் மஞ்சள் பையோடும் சுத்தியலோடும் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நம் ஆள்!

"என்ன கல்லுங்க?" என்றேன்.

அவர் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். அதே சிவப்பு. நாங்கள் மூன்று பேரும் குனிந்துவிட்டோம். கவிதா துணியைப் பிரித்து அக்காவின் கல்லை நீட்டினாள்.

"குடு சாமி, பாக்கலாம்" என்று வாங்கி, நாக்கில் ஒரு தடவை வைத்து, சட்டைக் காலரில் துடைத்தார். பிறகு சொன்னார், "இது அந்தக் கெணத்து மேட்டுதுங்க. அந்த வேப்பமரத்துக்கு அந்தாண்ட. கெழக்கால ஒரு பெரிய பாறை, மூக்கு ஒடஞ்சாப்ல இருக்கும். வெச்சுப் பாருங்க, உக்காந்துக்கும்."

"ஏனுங்க, ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா ஒருத்தருக்குப் பெரிய உபகாரமாப் போகுமுங்க" என்றேன். யார் அந்த ஒருத்தர் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. யாழினி தன் சின்ன நோட்டையும் பச்சை மைப் பேனாவையும் பாறை மேல் வைத்தாள். கவிதா கார் பக்கம் தண்ணீர் எடுக்கப் போனாள். நான் அவருடைய கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் ஒரே பாறையின் பிள்ளைகள் என்று தெரிந்தது. அவர் வாய்க்குள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வது காதில் விழுந்தது. எழுதி முடிந்ததும் சீட்டு நாலாக மடிந்து கல்லோடு துணிக்குள் வந்தது. மேடு எங்கே என்கிற அவசரத்தில் நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் கிணறு, கிழக்கே மேடு, மூக்குடைந்த பாறை. அக்காவின் கல்லை அந்த உடைந்த இடத்தில் வைத்தேன். டக்கென்று உட்கார்ந்தது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. யாழினி கத்தியே விட்டாள். அவரைக் கூப்பிடலாம் என்று திரும்பினால் வேலமரத்தடியில் யாரும் இல்லை. போயிருப்பார், வண்டி எங்காவது நிறுத்தியிருப்பார் என்றுதான் அப்போது நினைத்தேன். காட்டுக்காரம்மாவிடம் கேட்டோம். "இன்னைக்கு உங்களத் தவுர ஆரும் வர்லீங்களே" என்றார். "எங்கூட்டு நாய் புது ஆளு வந்தா உடாது. உங்களுக்கு மட்டுந்தான் கொலச்சுது." நாய் தூங்கியிருக்கும் என்று அதையும் தள்ளிவிட்டேன்.

அன்று சாயங்காலமே சேலம் போனோம். இடம் கிடைத்துவிட்டது, பாறையில் கல் உட்கார்ந்தது என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அக்கா சிரித்துக்கொண்டே துணியைப் பிரித்தார், சீட்டைப் பிரித்தார். அப்படியே நின்றார். பிறகு ஒரு ஸ்வீட் பெட்டியை எடுத்து வந்து, ஒரு பழைய சீட்டைப் பக்கத்தில் வைத்தார்.

"இது என் எழுத்துங்க தம்பி."

உருண்டை உருண்டையாக, அச்சடித்த மாதிரி. பச்சை மை, எங்கள் நோட்டுத் தாள், கிழித்த ஓரம் நோட்டில் மீதியிருக்கிற ஓரத்தோடு சரியாகப் பொருந்துகிறது, நான் அங்கேயே வைத்துப் பார்த்தேன். அக்கா அன்று மதியம் முழுக்கக் கோவில் விருந்தில் பரிமாறிக்கொண்டிருந்தார், ஊரே பார்த்திருக்கிறது. சீட்டில் கல்லின் பெயர், இடம். எடுத்தவர்: சேவியர். உடன் வந்தவர்: ஸ்டெல்லா.

"நான் போகலையே. நான் வந்தேன்னு போட்டிருக்கே" என்றார். பிறகு சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டி, "இவருங்களா?" என்று கேட்டார்.

இப்போது சொல்லப்போவதுதான் எங்களை மாதிரிக் கிறுக்கர்களுக்கு மட்டும் நடக்கும். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் தெரியவில்லை. பத்து நிமிடம் எதிரெதிரே இருந்திருக்கிறோம், அந்தக் கல்லின் ஒவ்வொரு கீறலும் எனக்கு மனப்பாடம், அந்த ஆளின் முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. மீசை இருந்ததா? கண்ணாடி? தெரியாது. வெட்கமாக இருந்தது. கவிதாதான் மெதுவாக, "நக்கிப் பாத்துட்டுக் காலர்ல தொடச்சாருங்கக்கா" என்றாள்.

"காலர்லயா" என்றார் அக்கா. அவ்வளவுதான் கேட்டார். கொஞ்ச நேரம் அழுதார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அவ்ளோ கோவத்துலயும் என்னையக் கூட்டிட்டுத்தான் போயிருக்காரு பாருங்க." அந்தச் சீட்டையே கல்லின் கீழ் வைத்தார், வேறு எழுதவில்லை. கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கடைசிக் கல்லாக இன்றைக்கும் அது இருக்கிறது, போனால் பார்க்கலாம்.

இதோடு முடிந்திருந்தால் நான் எப்படியாவது ஒரு காரணம் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தியிருப்பேன். சேவியரைத் தெரிந்த இன்னொரு கல் பைத்தியம், அக்காவின் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுதப் பழகியவர், இப்படி ஏதாவது. ஒரு மாதம் கழித்து யாழினி தன் கற்களுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தபோது போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வேலமரத்தடியில் அவள் ஒரு படம் எடுத்திருக்கிறாள். வழக்கம் போலக் கல்லை மட்டும். அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் விரிந்திருக்கின்றன, கைக்கு ஒன்றாக இரண்டிலும் கல். இடது ஓரத்தில் என் செருப்புக் கால், கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், முழங்கை தெரிகிறது. தூரத்தில் மங்கலாகக் கவிதா, கார் கதவைத் திறந்துகொண்டு. போனைப் பிடித்திருப்பது யாழினி. கீழே பாறை மேல் நோட்டு, அதில் மூன்று வரி முடிந்து நான்காவது வரி பாதி.

"அப்பா, இத பெருசு பண்ணிப் பாருங்க" என்றாள்.

நான்காவது வரியில் 'உடன் வந்தவர்' என்று எழுதி, பெயருக்கு முதல் எழுத்து 'ஸ்' மட்டும் விழுந்திருக்கிறது. அந்த எழுத்தின் மேல் பச்சைப் பேனாவின் முனை. பேனா படத்தின் வலது ஓரத்திலிருந்து சாய்வாக உள்ளே வருகிறது, பிடித்திருக்கிற கை படத்துக்கு வெளியே இருக்கிறது. அக்காவிடம் அதை நான் இன்னும் காட்டவில்லை.