டியூப்லைட்டை மங்கவைத்த முட்டு

ஒரு கோடை விடுமுறை முழுக்க, எங்கள் தெருவின் மின்சாரம் என் வலது கட்டைவிரலில் இருந்ததாக நான் நம்பினேன். அப்போது எனக்குப் பத்து வயது. என் வகுப்புப் பெண்களுக்கு நீளமான முடி, புது சைக்கிள் என்று ஆளுக்கொரு பெருமை இருந்தது. எனக்கு இது.

நம்பவைத்தவர் மாமா. அம்மாவின் தம்பி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் உலைப் பக்கம் வேலை. கல்யாணமாகாததால் எங்கள் வீட்டிலேயே தங்கி ஷிப்ட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். முதல் தீபாவளி போனஸ் வாங்கியதும் அக்காவுக்கு ஒரு புடவையாவது எடுத்துவருவார் என்று வீடு எதிர்பார்த்திருந்தது. அவரோ பர்மா பஜாருக்குப் போய், யாரோ விளையாடித் தேய்த்த வீடியோ கேம் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்தார். அன்றைக்கு அம்மா அவரைத் திட்டிக்கொண்டேதான் சோறு போட்டாள். அப்பா லாரியோடு ஆந்திரா பக்கம் போயிருந்தார். இல்லாவிட்டால் அவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்திருக்கும்.

பெட்டியோடு வந்தது ஒரே ஓர் ஆட்டம். வேறு வேறு ஆட்டங்களில் தனித்தனியாக நாயகர்களாக இருந்தவர்களையெல்லாம் ஒரே மேடைக்குக் கூட்டிவந்து அடித்துக்கொள்ளவிடும் ஆட்டம். வாள்காரன், குங்ஃபூக்காரி, ரோபோ, பந்தாக உருளும் ஏதோ ஒரு பிராணி என்று எல்லோரும் சம்பந்திச் சண்டை மாதிரி கூடி உதைத்துக்கொள்வார்கள். உதை வாங்கி மேடை விளிம்பிலிருந்து விழுந்தவர் தோற்றவர். இவர்களுக்கு நடுவில் கழுத்தே இல்லாத, காளைத் தலை வைத்த குண்டன் ஒருவன் இருந்தான். அவனுக்கு ஓட வராது, தாவ வராது. முட்டத்தான் வரும்.

பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால், பஸ்ஸில் நிற்கிறவர் பக்கத்து ஆளை இடிப்பதுபோல லேசாக இடிப்பான். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் கதை வேறு. தலையைக் குனிவான், காலால் தரையைக் கீறுவான், மூக்கில் புகை வரும், உடம்பு பழுக்கக் காய்ச்சிய இரும்பு போலச் சிவக்கும். முழுசாக ஏறிய பிறகு விரலை எடுத்தால், எதிரே எந்தக் கொம்பன் நின்றாலும் திரைக்கு வெளியே போய் விழுவான். முழுசாக ஏற நேரம் பிடிக்கும் என்பதுதான் சிக்கல். அதுவரை எதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டான். அதனால் யாரும் அந்தக் குண்டனைத் தொடமாட்டார்கள். எனக்கு அவனைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஓட்டப்பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வருகிறவளுக்கு வேறு யாரைப் பிடிக்கும்?

எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கும். பகலிலும் டியூப்லைட் எரிந்தால்தான் முகம் தெரியும். ஒருநாள் நான் குண்டனைச் சிவக்கவிட்டுக்கொண்டிருந்தபோது, டியூப்லைட் சட்டென்று மங்கியது. ஃபேன் சோர்ந்து சுற்றியது. டிவியில் படம் கொஞ்சம் சுருங்கி மறுபடி விரிந்தது. பயந்துபோய் விரலை எடுத்தேன். கட்டிலில் படுத்திருந்த மாமா அசையாமல் சொன்னார்.

"பாத்தியா பாப்பா, தெரு கரண்ட்டு மொத்தத்தையும் உன் ஆளு இழுத்துக்கினான்."

"நெசமாவா மாமா?"

"பின்ன? அம்மாம் பெரிய முட்டுக்குக் கரண்ட்டு எங்கேந்து வருமாம்?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. உண்மை என்னவென்றால், மாமாவின் ஆலையில் உலையைப் போடும்போதெல்லாம் எங்கள் லைனில் வோல்டேஜ் விழும். இது தெருவில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உலையை எந்த நேரத்தில் போடுவார்கள் என்பது மாமாவுக்கு அத்துப்படி. கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இப்ப புடி" என்பார். பிடிப்பேன். விளக்கு மங்கும். நானாகப் பிடிக்கும்போது பெரும்பாலும் மங்காது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "மனசுல கோவம் ஃபுல்லா ஏறணும் பாப்பா. விரலு மட்டும் அமுக்கினா போதுமா?" விளக்கு மங்கினால்தான் முட்டு முழுசாக ஏறியது என்று என் புத்தியில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது.

பெரிய சக்தி கைக்கு வந்தால் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது. அம்மா கிரைண்டரில் மாவு ஆட்டும்போது நான் முட்டமாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா சீரியல் பார்க்கும் நேரத்திலும் முட்டமாட்டேன். அப்படியும் சில நாள் கிரைண்டர் பாதியில் முக்கிக்கொண்டு நிற்கும். "இந்தக் கரண்ட்டோட ஒரே பேஜாராப் போச்சு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். முந்தின நாள் இழுத்ததே இன்னும் ஊறி வரவில்லை போல என்று நான் தலையைக் குனிந்துகொண்டு லீவுக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்தை எழுதுவேன்.

மே மாதம் செவ்வாப்பேட்டையிலிருந்து பெரியம்மா மகன் வந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். வந்த அன்றே குங்ஃபூக்காரியை எடுத்துக்கொண்டு என்னைப் பந்தாடினான். மூன்றாம் நாள், பெட்டி தன் வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்றான். தாய்மாமன் வாங்கியது இரண்டு அக்கா வீட்டுக்கும் பொது, இத்தனை நாள் இங்கே இருந்தாயிற்று, இனி அங்கே இருக்கட்டும் என்பது அவன் வாதம். அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாததால்தான் எனக்கு அழுகையாக வந்தது. இருவரும் முடியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் மாமா தீர்ப்புச் சொன்னார். பெரியம்மா அவனைக் கூட்டிப்போக வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று ஆட்டம். இரண்டில் ஜெயிக்கிறவர் வீட்டுக்குப் பெட்டி.

தீர்ப்புச் சொன்ன நீதிபதி அன்றைக்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கடைசி ஆட்டம் ரெண்டு மணிக்கு வருகிற மாதிரி தான் பார்த்துக்கொள்வதாகவும், தான் தொண்டையைக் கனைத்தால் நான் பொத்தானைப் பிடிக்கவேண்டும் என்றும் சொன்னார். விளக்கு மங்கினால் அவன் மிரண்டுபோவான், அந்த நேரத்தில் முட்டிவிடு என்பது யோசனை. என் கட்டைவிரலின் சக்தியைப் பற்றி அண்ணனிடம் நான் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தேன். "போடி, கதை வுடாத" என்றான். ஆனாலும் அன்றிரவு ஒருமுறை டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டான். அதை நானும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்தாள். மகனைக் கூட்டிப்போக மட்டும் வரவில்லை. மாமாவுக்கு ஆரணியில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். ஆலையில் ஆர்டர் இல்லை, உலையை நிறுத்தப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பையனுக்கு வேலை நிலைக்குமா என்று பெண் வீட்டார் கேட்டனுப்பியிருந்தார்கள். சமையலறையில் அக்காமார் இருவரும் மாமாவை நடுவில் உட்காரவைத்து விசாரித்ததை, பின்னாளில் அம்மா சொல்லித்தான் அறிவேன். "அதெல்லாம் புரளிக்கா. ரெண்டு மணி ஷிப்ட்டுக்கு ஒல போடுவாங்க, லைட்டு மங்கும். நீயே பாத்துட்டு ஆரணிக்குச் சொல்லி அனுப்பு" என்றாராம் மாமா. கூடத்தில் இருந்த எனக்குப் பாயசத்துக்கு முந்திரி வறுக்கும் வாசனைதான் வந்தது.

முதல் ஆட்டத்தில் குண்டன் குனியும் முன்பே விழுந்தான். "இது முட்றதுக்குள்ள நான் டீ குடிச்சினு வந்துருவேன்" என்றான் அண்ணன். இரண்டாவது ஆட்டத்தில் அந்தத் திமிரே அவனுக்கு வினையாயிற்று. ஒரு கையில் மாம்பழத் துண்டும் மறு கையில் ஆட்டமுமாக இருந்தவனை, மேடை விளிம்பில் சின்னச் சின்ன இடியாக இடித்தே தள்ளிவிட்டேன். அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தான். சமையலறையிலிருந்து மூவரும் கூடத்துக்கு வந்தார்கள். எங்கள் ஆட்டத்துக்கு இத்தனை மரியாதையா என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மூன்றாவது ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மாமா கனைத்தார். பிடித்தேன். குண்டன் குனிந்தான், கீறினான், புகைந்தான், சிவந்தான். அண்ணனுக்கு ஓடிவந்து அடிக்க நேரம் இருந்தது. ஆனால் அவன் கண் டியூப்லைட்டுக்குப் போயிற்று. என் கண்ணும் அங்கேதான். திரும்பிப் பார்த்தால் அம்மா, பெரியம்மா, மாமா எல்லோரும் அண்ணாந்து டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சாவகாசமாக, வெள்ளை வெளேரென்று எரிந்தது.

மாமா மறுபடி கனைத்தார். அதுவும் போதாமல் இருமினார். மனசில் கோபம் போதவில்லை என்று நினைத்து, கணக்கு டீச்சரையும் என்னை நாய் துரத்திய நாளையும் நினைத்துப் பல்லைக் கடித்தேன். திரையில் குண்டன் எப்போதோ முழுசாகச் சிவந்து, மேடை அதிர நின்றுகொண்டிருந்தான். விரலை எடுத்திருந்தால் போதும், பெட்டி எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கும். விளக்கு மங்காமல் எப்படி எடுப்பேன்? அண்ணன்தான் முதலில் சுதாரித்தான். குங்ஃபூக்காரி பறந்துவந்து உதைத்தாள். என் ஆள் சிவந்த மேனியோடு விளிம்பைத் தாண்டி விழுந்தான்.

அண்ணன் குதித்தான். நான் ஓவென்று அழுதேன். எங்கள் இருவரையும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மாமா இன்னும் டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஆரணிக்கு அப்புறமா சொல்லிக்கலாம்" என்றாள். என் தோல்வி மாமாவை இப்படி அடித்துப்போட்டுவிட்டதே என்று எனக்கு அழுகை நின்றுபோயிற்று. கிட்டே போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வுடு மாமா. அடுத்த லீவுல புடுங்கிக்கலாம்."

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலைப் பக்கம் போனார்.

பெட்டி செவ்வாப்பேட்டைக்குப் போனதும் எங்கள் தெருவில் வெளிச்சத்துக்குக் குறைவில்லாமல் போயிற்று. கிரைண்டர் ஒரே மூச்சில் மாவாட்டியது. கரண்ட்டு இழுக்கும் வேலையைக் குண்டன் தன்னோடு செவ்வாப்பேட்டைக்குக் கொண்டுபோய்விட்டான் என்று கணக்குப் போட்டேன். அம்மாவின் செல்போனில் அண்ணனைக் கூப்பிட்டு அங்கே விளக்கு மங்குகிறதா என்று விசாரித்தேன். இல்லை என்றான். "உனக்குப் புடிக்கத் தெரியல" என்று சொல்லி வைத்துவிட்டேன். தோற்றவளுக்கு அந்த ஆறுதல் போதுமானதாக இருந்தது.

அதைவிடப் பெரிய ஆறுதல், மாமா இப்போது வீட்டிலேயே இருந்தார். பள்ளி திறந்த பிறகு சாயங்காலம் நான் வரும்போது வாசலில் நிற்பார். எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தார். கேரம் போர்டு ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கிவந்து ரெட் போடச் சொல்லிக்கொடுத்தார். அம்மா அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அவர் தட்டில் கேட்காமலே முட்டை விழுந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு நல்ல காலத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. இது நிலைக்கவேண்டுமே என்பது ஒன்றுதான் கவலை.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெரியபாளையம் போனோம். அம்மா வேண்டுதலுக்காக உடம்பைச் சுற்றி வேப்பிலையாலேயே வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு கோயிலைச் சுற்றிவந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "உங்க மாமாவுக்குத்தான். நீயும் வேண்டிக்கோ. கொழந்த கேட்டா ஆத்தா இல்லன்னு சொல்லமாட்டா" என்றாள். கூட்டத்தில் அம்மன் தெரியவில்லை. மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நான் கண்ணை இறுக மூடி, மாமா எப்போதும் இதேபோல வீட்டிலேயே இருக்கவேண்டும், இனிமேல் வேலைக்கே போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தேன். மாமா கண்ணை மூடியபடி இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவரும் அதையேதான் கேட்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷமாக இருந்தது.