பல்லி விழுந்த பை

விமானம் ஏறக் கிளம்புகிற காலையில் உங்கள் பையின் மேல் தொப்பென்று ஒரு பல்லி விழுந்தால், நீங்கள் போவீர்களா, மாட்டீர்களா? தயங்காமல் ‘போவேன்’ என்று சொல்கிறவர்களிலும் பாதிப்பேர், யாரும் பார்க்காத நேரத்தில் நாட்காட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்கள். குற்றாலத்து ஏட்டம்மா குழல்வாய்மொழியின் கதை அந்தப் பாதிப்பேருக்கு உரியது.

குழல்வாய்மொழிக்கு வயது நாற்பத்தேழு. பதினோரு சாரல் காலங்களாகப் பேரருவியில் காவல் பணி. வாயில் விசில், கையில் தடி, நனைந்தே கிடக்கும் சீருடை. ஊருக்குள் அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு: குண்டு ஏட்டம்மா. மூன்று வருடத்துக்கு முன் மலையில் பெய்த மழை அருவியில் செம்மண் நிறமாக இறங்கத் தொடங்கியதும், அவள் ஓடிப்போய் விசில் அடித்து நாற்பது பேரை வெளியேற்றினாள். கடைசி ஆள் படியேறிய இரண்டாவது நிமிடம் பாறை முழுக்க வெள்ளம். யாரோ அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். படம் ஊர் ஊராகப் போனது. வெள்ளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, தப்பிய நாற்பது பேரைப் பற்றியும் பேசவில்லை. ஓடும்போது அவள் உடம்பு குலுங்கியதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் சிரித்தார்களோ தெரியாது.

அவளுடைய தம்பி சிவனணைந்தபெருமாள் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கிறான். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. வாரம் மூன்று நாள் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு ஊசியால் பிணைந்து கிடந்தான். அக்காவின் சிறுநீரகம் பொருந்தும் என்று பரிசோதனை சொன்னது. ஆனால் அவள் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. எண்பத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் அறுவை என்று அங்குள்ள மருத்துவமனை எழுதிவிட்டது.

அவள் முயலாமல் இல்லை. கொள்ளுக் கஞ்சி குடித்தாள். விடியுமுன் மேலகரம் வரை நடந்தாள். நான்கு கிலோ இறங்கும், ஐந்து கிலோ ஏறும். அவள் தலைக்குள் ஒரு வானொலி ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்து என்ன தின்ன, அடுத்து என்ன தின்ன என்று அது ஓயாமல் பேசும். எல்லோர் தலைக்குள்ளும் அது இப்படித்தான் பேசும், மற்றவர்களுக்கு மனவுறுதி இருக்கிறது, தனக்கு மட்டும் இல்லை என்று நாற்பது வருடமாக அவள் நம்பியிருந்தாள்.

தென்காசியில் மருத்துவர் முத்துச்செல்விதான் அதை உடைத்தார். “ஏட்டம்மா, இது உங்க குணக்கேடு இல்ல. சாப்பிட்டது போதும்னு குடல்ல இருந்து மூளைக்கு ஒரு தகவல் போவும். உங்களுக்கு அது சரியாப் போய்ச் சேரல. வாரம் ஒரு ஊசி, நீங்களே வயித்துல போட்டுக்கிடலாம்.”

மூன்றாவது வாரம் அருவிக்கரையில் வாழைக்காய் பஜ்ஜிக் கடையைத் தாண்டிப் பத்தடி போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கடையைத் தாண்டிவிட்டாள். தாண்டியது தெரியாமலே தாண்டிவிட்டாள். தலைக்குள் வானொலி நின்றிருந்தது. அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவழியில் அப்படியே நின்றுவிட்டாள். வாழ்நாள் முழுக்கப் பாவம் என்று சுமந்தது வெறும் வராத தகவலா? ஒரு துளி மருந்து இதைச் செய்யுமா? பின்னால் வந்தவர்கள் ஏட்டம்மாவுக்கு மயக்கமோ என்று பார்த்தார்கள்.

பதினான்கு மாதத்தில் தொண்ணூற்றொரு கிலோ. இன்னும் ஆறு கிலோ பாக்கி. மேலதிகாரியின் அனுமதியும் வந்தது. சிங்கப்பூரில் தங்கி, மீதி எடையை இறக்கி, பரிசோதனைகளை முடித்து, சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. மூன்று மாதத்துக்கு மூன்று ஊசிப் பேனா, அதாவது மருந்து நிரப்பிய, பேனா போன்ற ஊசி. முத்துச்செல்வி ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினார்: கடவுச்சீட்டில் உள்ள பெயரிலேயே மருத்துவக் கடிதம் இருக்க வேண்டும், பேனாக்கள் மருந்துக்கடை ஒட்டிய சீட்டோடு அவற்றின் பெட்டியிலேயே இருக்க வேண்டும், குளிர்ச்சி வேண்டும், ஆனால் உறையக் கூடாது, ஐஸ் பொதியை மருந்தில் நேராக வைக்காமல் துண்டில் சுற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, கையில்தான் கொண்டுபோக வேண்டும், விமானத்தின் வயிற்றுக்குள் போகிற பெட்டியில் போட்டால் அங்குள்ள குளிரில் மருந்து உறைந்து செத்துவிடலாம்.

அதற்கென்று நீல நிறத்தில் ஒரு குளிர்ப்பை வாங்கினாள்.

புறப்படும் காலை, சாப்பாட்டு மேசையில் இருந்த அந்தப் பையின் மேல் மச்சிலிருந்து பல்லி விழுந்தது. குழல்வாய்மொழி குளித்துக்கொண்டிருந்தாள். பார்த்தது அவள் கணவன் மாரிராஜின் அக்கா உமாராணி, அடுத்த வீடு. தம்பி பெண்டாட்டி சிறுநீரகம் கொடுக்கப் போகிறாள் என்ற நாளிலிருந்து அவளுக்காக ஒருவேளை உணவை விட்டு விரதம் இருப்பவள். அவள் நாட்காட்டியைத் திருப்பினாள். தலையில் விழுந்தால், நெற்றியில் விழுந்தால், தொடையில் விழுந்தால், கணுக்காலில் விழுந்தால் என்று அங்கே எல்லா உறுப்புக்கும் பலன் இருந்தது. குளிர்ப்பைக்கு மட்டும் இல்லை. ஆகவே இருப்பதிலேயே மோசமானதை உமாராணி எடுத்துக்கொண்டாள். பயணத்தை நிறுத்தச் சொன்னால் ஏட்டம்மா கேட்க மாட்டாள் என்று தெரியும். தன்னால் முடிந்ததைச் சத்தமில்லாமல் செய்தாள்.

ஆரியங்காவு, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் வரை மாரிராஜ் காரை ஓட்ட, குழல்வாய்மொழி நீலப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வளைவுகளில் பையை மார்போடு அணைத்தாள்.

“பச்சப் பிள்ளய தூக்கிட்டுப் போற மாதிரிலா போற” என்றான் மாரிராஜ்.

“ஆமா. தம்பி பெருமாளோட உசுருலா உள்ள இருக்கு.”

விமான நிலையத்தில் பெரிய பெட்டி எடை போடப்பட்டு, வார்ப்பட்டையில் ஏறி, ரப்பர்த் திரைக்கு அப்பால் மறைந்தது. பாதுகாப்புச் சோதனையில் காட்டுவதற்குக் கடிதத்தைத் தயாராக எடுத்து வைப்போம் என்று நீலப்பையின் வாயைத் திறந்தாள். கடிதம் இருந்தது. ஐஸ் பொதி இருந்தது. துண்டுக்குள் ஊசிப் பேனாக்கள் இல்லை. ஒரு எலுமிச்சம்பழமும் திருநீற்றுப் பொட்டலமும் இருந்தன.

மூன்று மணி நேரம் ஒரு எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துக் காத்து வந்திருக்கிறாள். யார் வேலை என்று புரிந்து, உமாராணியைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“மதினி, பையில இருந்த மருந்த என்ன செஞ்சிய?”

உமாராணியின் குரலில் பெருமிதமே இருந்தது. “கவலப்படாத குழலு. பல்லி பட்ட பையிலயா மருந்த வெப்பாக? பையக் கழுவித் தொடச்சிட்டேன். மருந்து பெரிய பொட்டியில சேலைக்கு நடுவுல பத்திரமா இருக்கு. பழத்தத் தூரப் போட்டுராத, சங்கிலிப் பூதத்தார் கோயில்ல வெச்சு எடுத்தது.”

குழல்வாய்மொழி கத்தவில்லை. அடுத்து முத்துச்செல்விக்குப் போட்டாள்.

“பொட்டிக்குள்ள எத்தன மணி நேரமா இருக்கு?”

“அஞ்சு மணி நேரம் இருக்கும் டாக்டர்.”

“அதுக்கு ஒண்ணும் ஆவாது. பிளேன் கிளம்புறதுக்குள்ள வெளிய எடுத்திரணும். உறைஞ்சா அத நம்ப முடியாது, தூரத்தான் போடணும். ஆமா, கையில கொண்டு போவச் சொன்னேன்லா, யாரு மாத்துனா?”

“பல்லி விழுந்துட்டாம் டாக்டர். மதினி பயந்துட்டாவ.”

மறுமுனையில் மருத்துவர் சிரித்தார். “பல்லியா? ஏட்டம்மா, இந்த மருந்து வகைக்கே வழி காட்டுனது ஒரு பல்லிதான். அமெரிக்காவுல பாலைவனத்துல கெடக்கு, கீலான்னு பேரு. விசப்பல்லி. வருசத்துக்கு அஞ்சாறு தடவதான் வயிறாரத் திங்குமாம். அதோட எச்சில்ல என்ன இருக்குன்னு தோண்டிப் பாத்தவங்களுக்கு, நம்ம குடல்ல ஊறுதுலா, அதே மாதிரி ஒரு சரக்கு கெடச்சுது. நம்மளது ரெண்டு நிமிசத்துல கரைஞ்சிரும், அதோடது மணிக்கணக்குல நிக்கும். அதுல இருந்துதான் முதல் ஊசி வந்துச்சு. உங்க ஊசி வேற, மனுசச் சரக்கப் பாத்துச் செஞ்சது. ஆனா கதவத் தொறந்து விட்டது அந்தப் பல்லி. போங்க, மொதல்ல பொட்டிய மீட்டெடுங்க.”

குழல்வாய்மொழி வந்த வழியே திரும்பினாள். முகப்பில் இருந்த பெண்ணின் சட்டையில் மிஸ்ரியா என்று பெயர் இருந்தது. பெட்டி கீழே போய்விட்டது என்றாள் அவள். குழல்வாய்மொழி கடிதத்தை நீட்டி, தம்பி, சிறுநீரகம், எடை, ஊசி எல்லாவற்றையும் நான்கு வாக்கியத்தில் சொன்னாள். காவல் நிலையத்தில் புகார் எழுதிப் பழகிய சுருக்கம் அது.

வரிசையில் அடுத்து நின்ற கண்ணாடிக்காரர் காதில் எல்லாம் விழுந்தது. பக்கத்திலிருந்தவரிடம், “உடம்பு குறைக்க ஊசியாம். வாயக் கட்டுனா போதாதா?” என்றார்.

குழல்வாய்மொழி திரும்பினாள். “வாயத்தான் கட்டிருக்கேன் அண்ணாச்சி. இல்லன்னா இந்நேரம் உங்களுக்குப் பதில் சொல்லிருப்பேன்.”

மிஸ்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். மலையாளத்தில் வேகமாக ஏதோ சொன்னாள், பிறகு அதட்டினாள். “நானும் செங்கோட்டதான் மேடம், ஒங்க முகம் மறக்குமா? சின்ன வயசுல ஒங்க விசிலுக்குப் பயந்து அருவிய விட்டு ஓடிருக்கேன்” என்றாள் நடுவில். முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அந்த முப்பத்தைந்து நிமிடமும் குழல்வாய்மொழி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அந்த ரப்பர்த் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ஆள் பெட்டியை உருட்டி வந்தான். சேலைகளுக்கு நடுவே மூன்று பெட்டிகள். கையால் தொட்டாள். குளிர்ச்சி போயிருந்தது, கசிவு இல்லை, உடைப்பு இல்லை. துண்டில் சுற்றி நீலப்பையில் வைத்தாள்.

பதினோரு வருடமாக அருவிக்கு வருகிறவர்களின் பைகளில் மதுப்புட்டி தேடியவள், இப்போது தன் பையைத் திறந்து காட்டிவிட்டு நின்றாள். “இதெந்தா சேச்சி?” என, அது என்னவென்று மலையாளத்தில் கேட்டார் சோதனை அதிகாரி. கடிதத்தைக் கொடுத்தாள். அவர் பெட்டியின் சீட்டையும் கடவுச்சீட்டையும் கடிதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஐஸ் பொதியை அழுத்திப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தை எடுத்து, இது எந்த மருந்து என்பதுபோல அவளைப் பார்த்தார்.

“அது எங்க மதினிக்கு மருந்து” என்றாள். சிரித்து அனுப்பிவிட்டார்.

விமானம் எழுந்தபோது கீழே கடல் ஒரு தகட்டைப்போல் சாய்ந்தது. குழல்வாய்மொழி ஜன்னலை ஒட்டி நீலப்பையோடு உட்கார்ந்திருந்தாள். முதல் பயணம், பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் மனம் வேறெங்கோ நின்றது. எங்கோ ஒரு பாலைவனத்தில் கல்லுக்கடியில் ஒரு பல்லி. அதைப் பார்த்துப் பலன் கேட்காமல், அதன் எச்சிலில் என்ன இருக்கிறது என்று கேட்ட ஒரு மனிதர். அவர் கேட்ட கேள்வி எத்தனையோ கைகள் மாறி, தென்காசி மருந்துக்கடையின் குளிர்பெட்டிக்கு வந்து, தன் தொப்புளுக்குப் பக்கத்தில் மயிரிழை ஊசியாக இறங்கியிருக்கிறது. அதன் தூரத்து உறவு ஒன்று தன் வீட்டு மேசையில் விழுந்தபோது, அன்பான ஒரு பெண் அதனாலேயே அந்த மருந்தைத் தெரியாமல் அழிக்கப் பார்த்தாள். உமாராணி மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. எட்டாவது வரை நன்றாகப் படித்தவளை வயதுக்கு வந்ததும் நிறுத்தி, கையில் ஒரு நாட்காட்டியைக் கொடுத்தவர்கள்மேல்தான் வந்தது.

பெருமாளின் வீட்டுக் குளிர்பெட்டியில் பேனாக்களை வைத்த பிறகே அவள் செருப்பைக் கழற்றினாள். பதினொன்றாவது வாரம் மருத்துவமனைத் தராசு எண்பத்து நான்கு புள்ளி ஆறு காட்டியது. அறுவைக்கு முன் ஊசியை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினாள். குறித்த நாளில் அக்காவும் தம்பியும் அடுத்தடுத்த அறைகளுக்குள் தள்ளிச் செல்லப்பட்டார்கள்.

மறுநாள் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தம்பியின் அறைக்கு அழைத்துப் போனார்கள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலின் ஓரத்தில் ஒரு பை தொங்கியது. அதற்குள் மெல்லிய குழாய் வழியாக இளமஞ்சள் நிறத்தில் ஒரு துளி விழுந்தது. இன்னொரு துளி. இரண்டு வருடமாக அந்த உடம்பிலிருந்து சிறுநீர் இப்படி வந்ததில்லை. இணைத்த சற்று நேரத்திலேயே சிறுநீரகம் வேலையைத் தொடங்கிவிட்டது என்றாள் செவிலி. நேற்றுவரை தன் விலாவுக்குப் பின்னால் இருந்தது, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, இன்னொரு உடம்பின் இரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறது.

பதினோரு சாரல் காலம் பேரருவிக்கு எதிரே நின்றவள், எந்தத் தண்ணீரையும் இப்படிப் பார்த்ததில்லை. துளிகளை எண்ணத் தொடங்கினாள். இருநூறுக்குமேல் எண்ணிக்கை தவறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

அங்கிருந்தே உமாராணியை வீடியோவில் அழைத்து, கைப்பேசியை அந்தப் பைக்கு நேராகப் பிடித்தாள். “பாத்தியளா மதினி? அந்தப் பல்லியோட பலன் இதுதான்.”

உமாராணி, “அது இன்னும் டியூப் லைட்டுக்குப் பின்னாலதான் கெடக்கு. வெரட்டல” என்றாள்.

இப்போது எழுந்து உங்கள் வீட்டு நாட்காட்டியைத் திருப்புங்கள். பின்பக்கம் பல்லி விழும் பலன் அச்சிட்டிருந்தால், அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயர், அளவு, எதைக் குளிரில் வைக்க வேண்டும், எதை உறையவிடக் கூடாது என்பதை அந்தத் தாளில் எழுதுங்கள். வீட்டுப் பெண்களை உட்காரவைத்து அதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்; அவர்கள் ஏன் என்று கேட்டால், பதில் தெரியும்வரை அவர்களோடு சேர்ந்து தேடுங்கள்.