மரகதம் அக்காவின் சவர்க்காரப் பெட்டி

செய்தி வந்தபோது மரகதம் அக்காவின் காதுக் கருவி என் மேசையில் திறந்து கிடந்தது. "அண்ணே, அக்காவ தம்புள்ளையில லொறி அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க" என்றார் பக்கத்து மரக்கறிக் கடைக்காரர். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

தம்புள்ளையில் மரக்கறி எடுத்து அலுவிகாரையில் விற்றவர் அக்கா. யுத்த காலத்தில், செவி மந்தமான பிறகும் வியாபாரத்தை விடவில்லை. பழைய கெசட் பிளேயரின் உள்பாகம், சின்ன மைக், ஒரு இயர்போன், இரண்டு பென்டோர்ச் பெட்டரி ஆகியவற்றைக் கொண்டு அவருக்கு நான் அந்தக் காதுக் கருவியைச் செய்தேன். இடுப்பில் கட்டிச் சேலைக்குள் மறைத்துக்கொள்ளத் துணிப்பட்டியும் தைத்து வைத்திருந்தேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இடுப்புல வயரச் சுத்திக்கிட்டு நாலந்தா செக் பொயின்ட்டத் தாண்டச் சொல்றீங்களா? ரேடியோ படிச்ச ஆளு, நாட்டு நெலவரம் படிக்கலையே தம்பி."

அன்றைக்கே எல்லாவற்றையும், உள்ளே இருப்பது தெரியும், சோப்பு வைக்கிற ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டிக்குள் மாற்றினேன். அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்.

ஒருநாள் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். சோதனைச் சாவடியில் சிப்பாய் பெட்டியைப் பார்த்ததும் துப்பாக்கியை நிமிர்த்தினான். அக்கா பதறவில்லை. சிங்களத்தில் பேசி இயர்போனைக் கழற்றி அவனிடம் நீட்டினார். தன் குரலையே கேட்டுச் சிரித்தான் அவன். இரண்டு வரிசை பின்னால் நான், அவரைத் தெரியாதவன் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியதும் அக்கா சொன்னார்: "பெட்டரி ஸ்ட்ரோங்காத்தான் இருக்கு. செஞ்ச ஆளுதான் வீக்கு." அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

போன வாரம் பெட்டரி கசிந்து தகடு பச்சை பூத்துப்போய்க் கொண்டு வந்தார். தகட்டைச் சுரண்டி, வயரைப் பற்றவைத்தால் முடிந்தது. ஒரு தேநீர் குடிக்கும் நேர வேலை. டிவி திருத்தக் கொடுத்தவர்கள் அவசரப்படுத்தினார்கள், அக்கா நம்ம ஆள்தானே என்று ஒதுக்கி வைத்தேன். மறுபடி வந்தபோதும் "நாளைக்கு" என்றேன். சத்தமாக, இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"சரி தம்பி. காதில்லாம லொறிக்கு நடுவுல போகத்தான் பயமா இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவரை அறிந்தவர்களே, சாவு வீட்டில் விதி என்று பேசிக்கொண்டீர்கள். டிரைவர் ஹோர்ன் அடித்தாராம், அடித்துக்கொண்டே வந்தாராம். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைத் துக்கம் என்று நினைத்திருப்பீர்கள். பெட்டியைக் கொண்டு போய்க் கொடுத்தபோது அவர் மகள், "அம்மா ஞாபகமா நீங்களே வச்சுக்கங்க மாமா" என்றாள்.

வைத்திருக்கிறேன். வீடு திரும்பியதும் தகட்டைச் சுரண்டினேன், வயரைப் பற்றவைத்தேன், புது பெட்டரி போட்டு இயர்போனைக் காதில் செருகினேன். தம்புள்ளை லொறி ஒன்று தெருமுனையில் திரும்பும் முன்பே அதன் ஹோர்ன் கேட்டது.