முதல் பத்துப் பேர்

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். டேட்டாபேஸ் வாங்கித் தர மில்லுக்கு மனமில்லை. டைம் ஆபீசிலிருந்து வரும் வருகைப் பதிவு வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகப் புரோகிராம் எழுதி அலுத்துப்போய், சி பிளஸ் பிளஸ்ஸில் நானே ஒரு லைப்ரரி எழுதினேன். ஆட்களின் பட்டியலை மெமரியில் ஏற்றிவிட்டால் போதும். இந்தப் பிரிவு, இந்த வயதுக்கு மேல், லீவு வரிசைப்படி, முதல் பத்துப் பேர் என்று கட்டளைகளைப் புள்ளி வைத்துக் கோத்துக்கொண்டே போகலாம். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் வெளிவருவது அடுத்த மெஷினுக்குள் போவதுபோல, ஒரு கட்டளை சலித்துத் தந்த பட்டியல் அடுத்த கட்டளைக்குள் போகும். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

மேனேஜருக்கு அது பிடித்துப்போனதுதான் வினை. ஒருநாள் காலையில் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ரிங் ஃப்ரேம் ஆளுகள மட்டும் எடும்மா.”

எடுத்தேன்.

“அதுல நாப்பது வயசு தாண்டுனவங்க.”

கோத்தேன். திரையில் எண்ணிக்கை குறையக் குறைய அவர் குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது. என் அப்பா அதே மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் பார்ப்பவர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இரண்டு சல்லடையிலும் தங்கியிருந்தார்.

“இப்ப, சொல்லாம லீவு போட்டவங்க. கூடுதலா போட்டவங்க மேல வரட்டும். முதப் பத்துப் பேரு போதும்.”

“எதுக்கு சார்?”

“புது மெஷின் வருதுல்லா. பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பணும்.”

பட்டியல் வந்தது. பத்துப் பேரும் எங்கள் ஊர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். ஆறாவது பெயர் அப்பாவுடையது.

பார்த்ததுமே காரணம் புரிந்தது. ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வரும்வரை, எத்தனை நாளானாலும், எங்கள் ஊர்க்காரர்கள் வடத்தை விடமாட்டார்கள். மேஸ்திரியிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள், அவரும் தலையாட்டுவார். எழுதிக் கொடுத்தால் மேஸ்திரிக்கே கோபம் வரும், என் வார்த்தை போதாதா என்று. ஃபைலில் அந்தத் தலையாட்டல் எப்படி ஏறும்?

“சார், இவங்க எல்லாரும் தேருக்குப் போனவங்க. மேஸ்திரிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க.”

“ஃபைல்ல இருக்கா?”

“இல்ல சார்.”

“பொறவு என்ன? மத்தியானத்துக்குள்ள பிரிண்ட் எடுத்துக் குடு.”

அவர் எழுந்து போனார். அந்த வயதில் வெளியே தள்ளினால் அப்பாவை வேறெந்த மில்லும் உள்ளே விடாது என்பது எனக்குத் தெரியும். கோத்து வைத்த கட்டளைகளோடு இன்னும் ஒன்று சேர்த்தேன்: அப்பாவின் டோக்கன் நம்பர் நீங்கலாக. எங்கே சேர்ப்பது என்று யோசித்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ‘முதல் பத்து’க்குப் பின்னால் போட்டால் ஒன்பது பேர்தான் வருவார்கள், மேனேஜர் கேட்பார். முன்னால் போட்டால் பத்து வரும். முன்னால் போட்டேன்.

பதினோராவது ஆள் மேலே ஏறி வந்தார். வன்னியம்பட்டிப் பெண், அப்பாவுக்கு அடுத்த ஃப்ரேம். அவர் எந்தத் தேருக்கும் போகவில்லை. மகள் பிரசவத்துக்காக இரண்டே நாள் வராமல் இருந்திருக்கிறார். எண்ணிக்கை சரியாக இருந்தது. புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து வெகுநேரம் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“நம்ம ஊர்க்காரங்க ஒம்பது பேரோட வன்னியம்பட்டிக்காரியவும் அனுப்பிட்டாங்கட்டி. மில்லு கேட்டுக்கிட்ட நின்னு அம்புட்டு அழுக. நான் நாலு நாளு தேருக்குப் போனவன், அவ ரெண்டே நாளு. எனக்கு எப்படித் தப்புச்சுன்னு தெரியல.”

நான் தட்டில் சோறு போட்டேன்.

“கம்ப்யூட்டர்தான் ஆளு எடுத்துச்சாம். அது ஆளு மொகம் பாக்காதுன்னு மேஸ்திரி சொல்லுதாரு. அப்படியாட்டி?”

“ஆமாப்பா, பாக்காது” என்றேன்.