மார்கழியில் வரும் கேமராக்காரர்

பிச்சாவரம் படகுத்துறையில் அவர் படகு வாடகையைப் பங்கு போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். ரப்பர் செருப்பு, வெளுத்த சட்டை, தோளில் துண்டு சுற்றிய பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ். நானும் ஏறிக்கொண்டேன். பெயர் கேட்கத் தோன்றவில்லை. லென்ஸைப் பற்றித்தான் கேட்டேன்.

"இத எப்படிங்க வாங்குனீங்க?"

"பறவை எடுக்கத்தான் வாங்குனேன். தவணை கட்டக் கல்யாணம் எடுக்கிறேன். மார்கழியில முகூர்த்தம் இல்ல, அதான் இங்க வந்துருக்கேன்."

"ஆடியிலயும் முகூர்த்தம் இல்லையே?"

"ஆடியில பறவை ஜாஸ்தி வராதுங்களே."

ஒரு கிளையில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அவர் கேமராவைத் தூக்கி, "தலைய லேசா சாய்ங்க மாப்ள" என்று அதனிடம் முணுமுணுத்தார். தொழில் பழக்கம். மீன்கொத்தி சாய்க்கவில்லை. அப்போது அவர் போன் அடித்தது.

"சொல்லுங்க பாய். இன்னைக்கேவா? வந்துடுறேன்."

லால்பேட்டையில் மதியம் நிக்காஹ். படம் எடுக்க வேண்டியவருக்குக் காய்ச்சலாம்.

"அவுங்களுக்கு ஏதுங்க மார்கழி?" என்றபடி லென்ஸைத் துண்டில் சுற்றினார். படகு திரும்பியது.

மீன்கொத்தி இப்போது தலையைச் சாய்த்திருந்தது, அவர் கேட்ட மாதிரியே லேசாக. நான் கை காட்டினேன்.

அவர் ஒரு முறை பார்த்தார். "எல்லா மாப்பிள்ளையும் இப்படித்தாங்க. லென்ஸை மூடுனப்புறம்தான் அழகா நிப்பாங்க."